வெயில் பாதையில் ஒரு சைவக் கடை: மாத்தளைக்கு நடந்து வந்த பசியின் கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். நம் ஊர்ப் பாதையில் யார் யாருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், யார் யாருக்குச் சோறு போட்டார்கள், எந்தக் கதவு யாருக்கு மூடியிருந்தது என்பதைப் பற்றியது. பத்தாம் தரத்தில் படிக்கும் பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லப்போய் இவ்வளவு நீண்டுவிட்டது.

கேள்வி வந்த விதம் இதுதான். கடந்த ஆகஸ்ட் மாதம் தம்புள்ளைப் பக்கம் ஒரு செயலமர்வுக்குப் போய்விட்டு மூன்று டீச்சர்மார் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். நாலந்தாவைத் தாண்டியதும் பஸ் பழுதாகி நின்றது. பகல் ஒரு மணி வெயில். தார் வீதியைப் பார்த்தால் கண் கூசியது. கையில் இருந்த தண்ணீர்ப் போத்தல் வெந்நீராகிவிட்டது. நிழல் தேடி ஒரு ஒழுங்கைக்குள் நடந்தோம். பெயர்ப் பலகை இல்லை, விளம்பரம் இல்லை. ஒரு வீட்டின் முன்பக்கம்தான் கடை. நிலையில் காய்ந்த மாவிலைத் தோரணம், உள்ளே முருகன் படம், நான்கு மேசை. அபாயா அணிந்த மூன்று பேர் வாசலில் தயங்கி நிற்பதைக் கண்டு கடைக்கார ஐயா, "வெயில்ல நிக்காதீங்கம்மா, உள்ள வாங்க. இது சைவக் கடை, நீங்க தாராளமா சாப்பிடலாம்" என்றார். நாங்கள் கேட்காமலே எங்களுக்கு எது தெரிய வேண்டுமோ அதைச் சொல்லிவிட்டார். முதலில் ஒரு செம்பு மோர் வந்தது. அதில் இஞ்சியும் கறிவேப்பிலையும் உப்பும். பிறகு சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கீரை, ரசம், அப்பளம். காசு கொடுக்கும்போது மோருக்கு அவர் கணக்கு எடுக்கவில்லை. "வெயிலுக்குக் குடுக்கிற மோருக்குக் காசு வாங்கிறதில்லை" என்றார்.

அடுத்த நாள் வகுப்பில் இதைச் சொன்னேன். அப்போதுதான் அந்தப் பிள்ளை கேட்டாள்: "டீச்சர், மாத்தளைப் பாதையில சைவக் கடை எப்படி வந்தது? அதுக்கு முந்தி ஆக்கள் எங்க சாப்பிட்டாங்க?" பாடப்புத்தகத்தில் அரசர்கள் இருக்கிறார்கள், போர்கள் இருக்கின்றன, உடன்படிக்கைகள் இருக்கின்றன. பாதையில் போனவன் எங்கே சாப்பிட்டான் என்பது இல்லை. ஆனால் மாத்தளையின் வரலாற்றில் பாதி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

கடைகள் இல்லாத காலம்

கண்டி இராச்சிய காலத்தில் நம் பகுதியில் காசு கொடுத்துச் சோறு வாங்கிச் சாப்பிடும் வழக்கம் மிகக் குறைவு. வழிப்போக்கருக்கு இருந்தது அம்பலம். தூண்கள், ஓட்டுக் கூரை, சுற்றிவர உட்காரும் திண்ணை. கொண்டுவந்த அரிசியை அங்கே சமைக்கலாம், இரவு படுக்கலாம். பாதையோரத்தில் சிங்கள மக்கள் மண் பானையில் தண்ணீர் நிரப்பி, சிரட்டை அகப்பையும் வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் பின் தாலிய, அதாவது புண்ணியப் பானை. தாகத்தோடு வருபவன் யாராக இருந்தாலும் குடிக்கலாம். சைவ மக்கள் வைத்தது தண்ணீர்ப் பந்தல். சித்திரை வெயிலில் மோரும் பானகமும் கொடுப்பார்கள்.

நமக்கும் இதே மரபு உண்டு. ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். அரபியில் இப்னுஸ் ஸபீல் என்போம், "பாதையின் மகன்" என்பது அதன் பொருள். முஸ்லிம் நகரங்களில் பொதுமக்களுக்குத் தண்ணீர் கொடுக்கக் கட்டிய கட்டடத்துக்கே ஸபீல் என்று பெயர் வந்தது. கெய்ரோவில் 1744இல் அப்துர் ரஹ்மான் கத்குதா கட்டிய ஸபீல் இன்றும் நிற்கிறது. கீழ்த்தளத்தில் தண்ணீர், மேல்தளத்தில் பிள்ளைகள் குர்ஆன் ஓதும் பள்ளிக்கூடம். கல்வியியற் கல்லூரியில் படிக்கும்போது அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தேன். தாகத்தைத் தீர்ப்பதும் எழுத்தைச் சொல்லிக் கொடுப்பதும் ஒரே கட்டடத்தில் நடந்தன என்பது ஆசிரியர்களாகிய எங்களுக்குப் பெருமையான விடயம்.

அந்தக் காலத்துப் பாதையில் நம் முன்னோர் வெறும் பார்வையாளர் அல்லர். கண்டி இராச்சியத்தில் பொதி மாடுகளில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்கு மடிகே பத்த என்ற தனித் துறையே இருந்தது. அந்த வேலையில் முஸ்லிம்களுக்கு முக்கிய இடம் இருந்தது. கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மலைநாட்டுக்கு வந்தன, மலைநாட்டிலிருந்து பாக்கும் மிளகும் கீழே போயின. இந்தப் பொதி மாட்டுக் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். தவளத்தோடு போனவர்கள் அம்பலங்களில் தங்கினார்கள், பின் தாலியவில் தண்ணீர் குடித்தார்கள். பேராசிரியை லோனா தேவராஜா இலங்கை முஸ்லிம்களைப் பற்றி எழுதிய நூலில் இந்தத் தவளக்காரர்களைப் பற்றி விரிவாகச் சொல்கிறார். வசதியுள்ளவர்கள் தேடி வாசியுங்கள்.

கோப்பிக்காக நடந்தவர்கள்

1815இல் கண்டி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1830களின் கடைசியிலும் 1840களிலும் கண்டி, மாத்தளை மலைகளில் காடழித்துக் கோப்பி நட்டார்கள். வேலைக்கு ஆள் வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். வள்ளத்தில் கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து நடந்தார்கள். மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை, நாலந்தா, பிறகு மாத்தளை. ஏறத்தாழ 150 மைல். இன்று நாம் பஸ்ஸில் ஏசி இல்லை என்று முறைப்படும் அதே பக்கத்தில் அவர்கள் வெறுங்காலோடு, கைப்பிள்ளையோடு, தலையில் சட்டி பானையோடு நடந்தார்கள்.

கோப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆண்டின் பிற்பகுதி. அதற்கு முன்னதாக வந்து சேர வேண்டும் என்பதால் பலருடைய நடை வரண்ட மாதங்களில் விழுந்தது. நம் மாவட்டத்தின் தெற்கே ரத்தோட்டை, நக்கிள்ஸ் பக்கம் குளிரும் மழையும். வடக்கே தம்புள்ளை, கலேவெல, நாவுல பக்கம் உலர் வலயம். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை மழை மிகக் குறைவு, குளங்கள் வற்றும், காற்றும் சுடும். மன்னாரிலிருந்து வருபவன் இந்த உலர் வலயம் முழுவதையும் கடந்துதான் மாத்தளையின் முதல் பச்சை மலையைக் காண முடியும். அதற்குள் கொலராவும் காய்ச்சலும் பசியும் தாகமும் எத்தனையோ பேரைப் பாதையோரத்திலேயே விழுத்தின. நடக்க முடியாதவரை விட்டுவிட்டுக் கூட்டம் முன்னே போன கதைகளும் உண்டு. பின்னர் அரசாங்கம் பாதையில் தங்குமிடங்களையும் கிணறுகளையும் மருத்துவ நிலையங்களையும் அமைத்தது. அதற்குள் பல ஆண்டுகளும் பல உயிர்களும் போய்விட்டன.

அவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? பெரும்பாலும் கங்காணி வாங்கிக் கொடுத்த அரிசி. இங்கே ஒரு விடயத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தச் சோறு இலவசமல்ல. ஊரில் கொடுத்த முற்பணம், வள்ளக் கூலி, வழிச் சாப்பாடு எல்லாம் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டன. தோட்டத்தில் போய்ச் சேரும்போதே அவர் கடனாளி. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் அந்தக் கடனைப் புதுத் தோட்டம் ஏற்க வேண்டும். அதற்கான சீட்டுக்குத் துண்டு என்று பெயர். துண்டு முறை பிற்காலத்தில் பெரிதாக வளர்ந்து, 1921இல்தான் சட்டத்தால் நிறுத்தப்பட்டது. புண்ணியத்துக்குப் பானை வைத்த அதே பாதையில் பசி கடன் கணக்காக மாறியது.

பாதையைப் பற்றிச் சிங்களக் கிராமத்தவரின் நினைவும் இனிமையானதல்ல. 1848இல் வந்த வீதிச் சட்டம் ஆண்டுக்கு 6 நாள் பாதை வேலை செய் அல்லது 3 சிலிங் கட்டு என்றது. கோப்பித் தோட்டத்துக்குப் போகும் பாதையைக் காணி இழந்த விவசாயி ஏன் வெட்ட வேண்டும்? அந்த ஆண்டு ஜூலையில் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இந்த வரிகளும் காரணம். வீர புரன் அப்புவும் கொங்காலேகொட பண்டாவும் அதன் தலைவர்கள். ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். ஒரே பாதை, மூன்று சமூகத்துக்கு மூன்று நினைவு. தவளக்காரனுக்கு அது தொழில், தோட்டத் தொழிலாளிக்கு அது கண்ணீர், கிராமத்தவனுக்கு அது ஊழிய வேலை.

அம்மன் கோயிலும் கடையும்

நடந்து வந்தவர்கள் மாத்தளையில்தான் முதலில் மூச்சு விட்டார்கள். இங்கிருந்துதான் அவர்கள் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். ஒரு மரத்தடியில் வைத்து வணங்கிய அம்மன்தான் இன்று 108 அடி இராஜகோபுரத்தோடு நிற்கும் ஸ்ரீ முத்துமாரியம்மன். வயல் காணியை அதன் உரிமையாளர் கோயிலுக்குக் கொடுத்தது 1852இல். கோயில் எழுந்தது 1874இல், நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் உதவியோடு. மாரி என்றால் மழை. அம்மை, கொள்ளை நோய் ஆகியவற்றிலிருந்து காப்பவள் என்றும் அவளை நம்புகிறார்கள். வெயிலிலும் நோயிலும் பிழைத்து வந்தவர்கள் மழைக்கும் நோய்க்கும் உரிய தெய்வத்துக்கு முதல் கோயில் கட்டியது தற்செயல் அல்ல. மாசி மகத்துக்கு ஐந்து தேர் வீதிக்கு வரும்போது நம் வீட்டுப் பிள்ளைகளும் வாசலில் நின்று பார்ப்பது உங்களுக்குத் தெரியும்.

கோயில் இருக்கும் இடத்தில் விரதம் இருக்கும். வெள்ளிக்கிழமை, கந்த சஷ்டி, திருவிழாக் காலம் என்றால் வீட்டிலே மச்சம் சமைக்காதவர்கள் வெளியேயும் மச்சம் படாத இடத்தில்தான் சாப்பிடுவார்கள். 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது. கோப்பி நோயில் அழிந்து தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் வந்தன. நகரம் பெருத்தது. ரயிலில் வருபவர், நீதிமன்றத்துக்கு வருபவர், கந்தோரில் வேலை செய்பவர், தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வருபவர் எல்லோருக்கும் பகல் சாப்பாடு தேவைப்பட்டது. அம்பலத்தில் சமைக்க நேரமில்லை. இப்படியான நகரங்களில்தான் சைவக் கடைக்கு இடம் வந்தது.

கடல் கடந்தும் இதே காலத்தில் இதே மாற்றம் நடந்தது. தென்னிந்திய நகரங்களில் உடுப்பிக்காரரும் ஐயர்மாரும் சிற்றுண்டிக் கடைகளை நடத்தினார்கள். பெங்களூரில் மாவள்ளி டிபன் ரூம்ஸ் 1924இல் ஆரம்பமானது. இட்லி, தோசை, வடை, காப்பி என்ற அந்தப் பட்டியல் கப்பலோடும் ரயிலோடும் இலங்கைக்கு வந்தது. 1914இல் தலைமன்னார் வரை ரயிலும் அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் ஓடத் தொடங்கிய பிறகு வருவதும் போவதும் எளிதாகிவிட்டது. நம் நாட்டில் அந்தப் பட்டியலோடு இடியப்பமும் சொதியும் சம்பலும் சேர்ந்தன. யாழ்ப்பாணத்தில் மலாயன் கபே, பம்பலப்பிட்டியில் சரஸ்வதி லொட்ஜ் என்று சொன்னால் வயதானவர்களுக்கு இன்றும் நாக்கில் ருசி வரும்.

கடலிலிருந்து தூரமான, வெயில் கூடிய ஊருக்குச் சைவக் கடை பொருந்திப் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது ஐஸ் பெட்டி இல்லாத காலம். மீன் மாத்தளைக்கு வருவதற்குள் கெட்டுவிடும், அதனால்தான் கருவாடு. இறைச்சியை அன்றன்றே தீர்க்க வேண்டும். பருப்பும் மரக்கறியும் மோரும் அப்படிப்பட்டவை அல்ல. மிஞ்சிய பால் தயிராகும், தயிர் மோராகும், எதுவும் வீண்போகாது. தோசை மாவு மட்டும் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். அதனால் வெயில் ஊர்க் கடைக்காரர் கொஞ்சமாக அரைத்து, பொழுதோடு தீர்த்துவிடுவார். உப்பும் நீரும் சேர்ந்த மோரும், புளியும் மிளகும் சீரகமும் சேர்ந்த ரசமும் வியர்த்து வந்த உடம்பு இழந்ததைத் திருப்பிக் கொடுக்கின்றன. இது யாரோ விஞ்ஞானி கண்டுபிடித்துச் சொன்னதல்ல, வெயிலில் வாழ்ந்தவர்கள் கண்டது.

மூடியிருந்த கதவுகள்

சைவக் கடையை நான் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. இந்தக் கடைகளுக்குள் எல்லோரும் போக முடியாத காலம் ஒன்று இருந்தது. மச்சம் படாத இடம் என்ற சுத்தத்தோடு, சில மனிதர் படாத இடம் என்ற தீட்டும் சேர்ந்து வந்தது.

யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தேநீர்க் கடையில் உட்கார அனுமதி இல்லை. வெளியே நிற்க வைத்துப் போத்தலிலும் சிரட்டையிலும் தேத்தண்ணி கொடுத்தார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. சட்டம் காகிதத்தில் இருந்தது, கடையில் பழைய வழக்கமே தொடர்ந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது, பொலிஸ் தடியடி நடத்தியது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் சங்கானை, சாவகச்சேரி போன்ற இடங்களில் தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்களை நடத்தியது. உயிர்களும் போயின. ஒரு கதிரையில் உட்கார்ந்து ஒரு கிளாசில் தேத்தண்ணி குடிக்கும் உரிமைக்காக இவ்வளவும் நடந்தது.

தமிழ்நாட்டில் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற கடையின் பலகையில் "பிராமணாள்" என்ற சொல் இருந்தது. அதை அகற்றக் கேட்டுப் பெரியார் 1957இல் போராட்டம் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் கைதானார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அந்தச் சொல் போனது.

சைவம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். ஒன்று சிவனை வழிபடும் சமயம். மற்றது மச்சமில்லாத சாப்பாடு. அந்தக் கடைகளின் கதவு எல்லோருக்கும் திறந்தது தானாக நடந்ததல்ல, போராடித் திறக்கப்பட்டது. இன்று மூன்று முஸ்லிம் பெண்கள் தயக்கமில்லாமல் ஒரு சைவக் கடையில் அமரலாம் என்றால், அதற்கு முன்னே அடி வாங்கியவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

எரிந்த கடைகள்

அடுத்த பகுதியை எழுத மனம் கனக்கிறது. நம் நாட்டில் இனக் கலவரம் வந்தால் முதலில் எரிவது கடைதான். 1915இல் கண்டியில் வெசாக் ஊர்வலத்தை ஒட்டிப் பள்ளிவாசலடியில் ஆரம்பமான கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகள் பல மாவட்டங்களில் சூறையாடப்பட்டன. 1983 ஜூலையில் தமிழரின் கடைகள். அந்த ஜூலையில்தான் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும் தேர்களும் எரிக்கப்பட்டன. கோயில் மீண்டும் எழ ஏறத்தாழ பத்து ஆண்டுகள் சென்றன.

கடைக்காரரும் சமையற்காரரும் கலவரத்தால் மட்டும் போகவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தது. 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை. மீதி 150,000 பேரின் விடயத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஒருவரது தாத்தா வெயிலில் நடந்து வந்த அதே திசையில், பேரன் ரயிலேறித் தலைமன்னாருக்குத் திரும்பினான். நடந்து வந்தவர்களுக்காகப் பிறந்த கடைகளுக்கு வருபவரும் குறைந்தார்கள், அடுப்படியில் நிற்பவரும் குறைந்தார்கள். பெரிய வீதியில் பலகையோடு இருக்க வேண்டிய கடை ஒழுங்கைக்குள் பலகையில்லாமல் இருக்கிறதென்றால், அதன் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கலாம். 1983ஐக் கண்ட தலைமுறைக்குத் தமிழ்ப் பெயரைப் பெரிதாக எழுதி வைப்பது எளிதான காரியமல்ல.

நமக்கும் இது தெரியும். 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிரான பிரசாரம் உச்சத்தில் இருந்தபோது, நாட்டின் அமைதிக்காக ஜம்இய்யத்துல் உலமா உள்நாட்டுச் சந்தையில் அந்த இலச்சினையை விட்டுக்கொடுத்தது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாக வதந்தி கிளப்பிக் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாக்கட்டி. அடுத்த வாரம் திகன எரிந்தது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளுக்குப் போகாதே என்ற பிரசாரம் நடந்ததை நம் ஊர் வியாபாரிகள் மறக்கவில்லை.

ஒருவர் சமைத்ததை இன்னொருவர் வாயில் வைப்பது பெரிய நம்பிக்கை. நோட்டுப் புத்தகக் கடையிலோ துணிக் கடையிலோ அவ்வளவு நம்பிக்கை தேவையில்லை. அதனால்தான் சமூகங்களைப் பிரிக்க நினைப்பவர்கள் முதலில் சாப்பாட்டின் மீது கை வைக்கிறார்கள். சேர்ந்து வாழ நினைப்பவர்களும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நமக்குச் சைவக் கடை

வெளியூர்ப் பயணத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு வரும் முதல் கேள்வி, இங்கே சாப்பிடலாமா என்பது. சைவக் கடையில் அந்தக் கேள்வி பாதி தீர்ந்துவிடுகிறது. அறுத்தது யார் என்று கேட்கத் தேவையில்லை. இறைச்சிச் சட்டியில் கரண்டி பட்டதா என்று பார்க்கத் தேவையில்லை. சில் எடுத்த பௌத்த அம்மாவும் விரதம் பிடித்த சைவப் பிள்ளையும் ஹலால் பார்க்கும் நாமும் ஒரே மேசையில் ஒரே பருப்பைச் சாப்பிடக்கூடிய இடம் அது.

நம் பக்கத்திலும் இதற்கு ஈடான காரியம் உண்டு. நம் ஊர்களில் சில முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளில், வரும் சிங்கள, தமிழ் உறவுகளை எண்ணி மாட்டிறைச்சி சமைப்பதில்லை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை, மார்க்கமும் தடுக்கவில்லை. பக்கத்தில் உட்காருபவரின் மனம் நோகக்கூடாது என்ற எண்ணம்தான். ரமழானில் பள்ளிவாசல் கஞ்சிக்காகப் பாத்திரத்தோடு வரும் அயல்வீட்டுத் தமிழ், சிங்களப் பிள்ளைகளை நாம் திருப்பி அனுப்புவதில்லை. வெசாக் தன்சலில் நம் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். பின் தாலியவும் தண்ணீர்ப் பந்தலும் ஸபீலும் பெயர் மாறி இன்னும் இருக்கின்றன.

2023இல் மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28ஆம் திகதி ஆரம்பித்து ஓகஸ்ட் 12ஆம் திகதி நம் ஊரில் முடிந்தது. முன்னோர் நடந்த அதே வரண்ட மாதங்களில் அவர்கள் நடந்தார்கள். வேறு இனத்தவரும் சமயத்தவரும் அவர்களோடு சேர்ந்து நடந்தார்கள். காணி, வீடு, கூலி, சம உரிமை என்று அவர்கள் கேட்டவற்றில் பெரும்பகுதி இன்னும் கிடைக்கவில்லை. பாதை முடிந்தது, கணக்கு முடியவில்லை.

பிள்ளைக்குச் சொன்ன பதில்

அந்தப் பிள்ளைக்கு நான் சுருக்கமாகச் சொன்னது இதுதான். முதலில் புண்ணியத்துக்குத் தண்ணீர் வைத்தார்கள். பிறகு சோற்றைக் கடனாக எழுதினார்கள். கோயிலும் ரயிலும் வந்ததும் கடை வந்தது. கடைக்குள்ளே எல்லோரையும் விடவில்லை, போராடித் திறந்தார்கள். திறந்த கடையைச் சிலர் எரித்தார்கள். எரிந்த பிறகும் சிலர் அடுப்பு மூட்டினார்கள். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்டா டீச்சர், எங்கட கடைகளையும் எழுதி வைக்கணும்" என்றாள்.

அவள் சொன்னது சரி. பழைய வாடிவீடுகளைப் பற்றியும் துரைமார் பங்களாக்களைப் பற்றியும் புத்தகம் இருக்கிறது. கொங்காவெலையில், உக்குவெலையில், ரத்தோட்டையில், கலேவெலையில் சாதாரண மனிதருக்குப் பசியாற்றிய கடைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. அந்தக் கடைகளில் சாப்பிட்ட தலைமுறை நம்மோடு இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கும்.

அதனால் பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். இந்த வார முடிவில் உங்கள் வாப்பும்மாவிடம், உம்மும்மாவிடம், பக்கத்து வீட்டுத் தாத்தா பாட்டியிடம், சிங்கள அயலவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சின்ன வயதில் டவுனுக்கு வந்தால் எங்கே சாப்பிட்டீர்கள்? எந்தக் கடைக்குள் உங்களை விடவில்லை, அல்லது நீங்கள் போகப் பயந்தீர்கள்? கலவர நாட்களில் யார் உங்களுக்குச் சோறு தந்தார்கள், நீங்கள் யாருக்குக் கொடுத்தீர்கள்? அவர்கள் சொல்வதைத் தொலைபேசியில் பதிந்து, கடையின் பெயரையும் இடத்தையும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையும் எழுதி வையுங்கள். மூன்று மொழியிலும் கிடைப்பவற்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு சிறு கையேடாகத் தொகுக்க எண்ணியிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

இந்த ஆண்டு வெயில் கடுமை. வசதியுள்ளவர்கள் வீட்டு வாசலில் ஒரு பானைத் தண்ணீரும் ஒரு கோப்பையும் வையுங்கள். குடிப்பவர் யார் என்று கேட்க வேண்டாம்.